முனியாவைத் தூக்கிட்டுப் போனவன்

அந்த வீடியோவ நிறுத்துங்க அம்மிணி. சத்தத்தக் கொறைங்கன்னு சொல்லலீங்க, நிறுத்தியே போடுங்க. கோவிச்சுக்காதீங்க. முன்னப் பின்னத் தெரியாத பொம்பள பஸ்ஸுல பக்கத்துல வந்து உக்காந்துட்டு அதிகாரம் பண்றாளேன்னு நெனப்பீங்க. ஆனா அதுல பேசறது நான்தானுங்க.

நல்லாப் பாருங்க. இதே மூக்குத்திதான். அப்ப கொஞ்சம் சதையா இருந்தேன், இப்ப எளச்சுட்டேன். என்ன போட்டிருக்குது மேல? படிங்க. நேத்து திண்டுக்கல்லுல நடந்துச்சாமா? போன மாசம் ஓசூர்ல நடந்துச்சுன்னு வந்துச்சுங்க. அதுக்கு முந்தி திருநெல்வேலி. நான் பழனி வரைக்கும் போயிருக்கேன், அதத் தாண்டிப் போனதில்ல. என்ற மொகந்தான் ஊரு ஊராப் போயிட்டிருக்குது.

நீங்க யாருக்காச்சும் அனுப்பிட்டீங்களா? ஊட்டு குரூப்புக்கா? ஓ, குடியிருக்கற அபார்ட்மெண்டு குரூப்பு. எத்தன பேரு அதுல? நூத்தியெண்பதா. சரி. இல்லீங்க, திட்டல. கொழந்த வெச்சிருக்கறவங்க பயந்துட்டுத்தான் அனுப்புவாங்க. நானும் பயந்துட்டுத்தான் பேசுனேன்.

நான் அங்கன்வாடியில ஆயாவா இருக்கறனுங்க. காங்கயத்துக்கு அக்கட்டால, ஊத்துக்காட்டுப்புதூரு. பத்தொம்பது வருசமாச்சு. எங்க ஊரச் சுத்தித் தேங்காய்க் களந்தான். தேங்காய ஒடச்சு, வெயில்ல காயவெச்சு, எண்ணெய் மில்லுக்கு அனுப்பற களம். முந்தியெல்லாம் எங்க சனந்தான் வேல செஞ்சுது. இப்ப எல்லாம் இந்திக்காரங்க. பீகாரோ, ஜார்க்கண்டோ, எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, எல்லாரும் எனக்கு இந்திக்காரங்கதான். நல்ல சனமுங்க. பாக்கு மென்னு அங்கங்க துப்பறது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்காது. மத்தபடி நான் யாரையும் தப்பாப் பேசறவ இல்ல. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அவங்க கொழந்தைக அஞ்சு பேரு எங்க அங்கன்வாடிக்கு வந்துச்சுங்க. அதுல ஒண்ணுதான் முனியா. மூணு வயசு. அது என்ன பேரு முனியான்னு, நான் முனியம்மான்னு கூப்புடுவேன். கூப்புட்டா ஓடி வந்து மடியில உக்காந்துக்கும். முட்டை வெள்ளைய மட்டும் தின்னுட்டு மஞ்சளை என்ற வாயில வெக்கும். வேற யாருக்கும் குடுக்காது.

அன்னிக்கு டீச்சருக்குக் காங்கயத்துல மீட்டிங். ஹேமலதா டீச்சருன்னு, தங்கமான மனுசி. நான் ஒருத்திதான். பன்னண்டு கொழந்தைக. சோறு போட்டு, மொகம் கழுவிவிட்டு, பாய் விரிச்சுப் படுக்க வெச்சேன். எல்லாம் தூங்கிருச்சு. மேகம் வேற கட்டிக்கிச்சு. மழை வந்தாக் களத்துல வேல நிறுத்திருவாங்க, தேங்காப் பருப்பெல்லாம் அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிட்டு ஆளுகள ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. அந்த நேரத்துல முனியாவோட அப்பன் வந்திருக்கான். சரி, மழைக்கு முந்திக் கூட்டிட்டுப் போயிரலாமுன்னு புள்ளயத் தூக்கிட்டுப் போயிட்டான். தூக்கத்துல தூக்குனா எந்தக் கொழந்த அழுகாது? அது கத்திக்கிட்டே போயிருக்குது.

நான் வரப்பக் கேட்டுகிட்ட பூபேசு வண்டிய நிறுத்திட்டு நிக்கறான். எங்க வீதிக்காரந்தான். டயர்க்கடை வெச்சிருக்கான், கூடவே போன்ல செய்திப் பக்கம் ஒண்ணு நடத்தறான். எங்க தண்ணி வருல, எங்க கரண்டு போச்சு, அதெல்லாம் போடுவான். நல்லதுதான் பண்ணிட்டிருந்தான்.

"ஆயா, ஒரு வடக்கன் இங்கிருந்து ஒரு கொழந்தையத் தூக்கிட்டு ஓடறான். கத்துது. எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க"ன்னான்.

உள்ள ஓடி எண்ணறேன், பதினொண்ணுதான் இருக்குது. வெளிய வந்து அவன் போனப் பாத்தேன். முதுகு தெரியுது, தோள்மேல பச்சக் கவுனு தெரியுது. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அட, முனியாவும் அவங்கப்பனும். உசுரு வந்துச்சு எனக்கு.

அப்பப் பாத்து பூபேசு போன என்ற மொகத்துக்கு நேராத் தூக்கிட்டான். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க ஆயா. நீங்க எங்க இருந்தீங்க?"

நான் சொன்னதத்தான் நீங்க இப்பக் கேட்டீங்க. "நான் உள்ள கொழந்தைகளுக்குப் பாய் விரிச்சிட்டு இருந்தனுங்க. திரும்பிப் பாக்கறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டானுங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கலீங்க." அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்துப் பாருங்க, அதுல எங்கயாச்சும் கடத்திட்டான்னு சொல்லியிருக்கறனா? அப்பன் மகளத் தூக்கிட்டுப் போனாலும் தூக்கிட்டுப் போனதுதானுங்களே. கடத்தலுன்னு போட்டது பூபேசு. வடக்கன் அட்டகாசமுன்னு போட்டது அவன். நான் போடல.

அப்பன்தான்னு ஏன் சொல்லலன்னு கேக்கறீங்க. சொன்னனுங்க. அவன் போன எறக்குனதுக்கு அப்பறம், வண்டிய எடுக்கறப்ப, "அது அவங்கப்பன்தான் பூபேசு"ன்னு சொன்னேன். வண்டிச் சத்தத்துல அவன் காதுல விழுந்துச்சோ இல்லியோ. போலீசுலயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.

சாயங்காலமே வந்துருச்சுங்க. என்ற மக கூப்புட்டு, "அம்மா, நீ வீடியோல வர்ற"ங்கறா. மறுநாளு கோயமுத்தூருச் சேனல் ஒண்ணு அத எடுத்துப் பாட்டுப் போட்டு, செவப்பு வட்டம் போட்டுக் காட்டுச்சு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, அந்த ஒரு நாளு எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சுங்க. தண்ணி பிடிக்கப் போனா, "நீ தைரியமாப் பேசுன"ங்கறாங்க. ஆயான்னா சட்டி கழுவறவன்னு நெனச்சிட்டிருந்த சனம். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாமுன்னு இருந்துட்டேன். முனியா மறுநாளும் வந்துச்சு, மடியில உக்காந்துச்சு, மஞ்சளை வாயில வெச்சுது. அதான் கொழந்தை வந்துருச்சே, இனி என்னன்னு நெனச்சேன்.

மூணாம் நாளு வியாழக்கெழம. எங்க ஊர்ல சந்தை. அன்னிக்கு முனியா வருல. மத்தியானம் நாலஞ்சு வண்டி கேட்டுல வந்து நிக்குது. பதினஞ்சு இருவது பேரு. முன்னால நிக்கறவன் கையில முனியா. அதே பச்சக் கவுனு. கையில ஒரு சாக்லேட்டு திணிச்சிருக்காங்க. மூக்கு ஒழுகிட்டு, கண்ணு ரெண்டும் வீங்கி.

"ஆயா, மீட்டுட்டோம்!"ங்கறான். எல்லார் கையிலயும் போனு. எல்லாம் என்ற மொகத்துக்கு நேரா. "சொல்லுங்க ஆயா, இதானே அந்தக் கொழந்த?"

முனியா எங்கிட்டத் தாவி வந்து கழுத்தக் கட்டிக்கிச்சு. "பப்பா, பப்பா"ன்னு என்ற காதுலயே சொல்லுது. அந்த ஒரு வார்த்ததான்.

நான் கேட்டேன், "இவங்கப்பன் எங்கடா?"

"எவன் அப்பன்?"

"இவளத் தூக்கிட்டு வந்தவன் எங்கடா? அவன்தான்டா இவங்கப்பன்!"

அப்படியே நின்னுட்டாங்க. ஒவ்வொருத்தனா போன எறக்குனான். அதனாலதான் அம்மிணி, நான் அப்பன்னு சொன்னது எந்த வீடியோலயும் இல்ல. மீட்டுட்டோமுன்னு கொழந்தையக் கொண்டாந்து நின்ன பையன் மொகம் செத்துப்போச்சு. எங்கூடப் படிச்சவளோட மகன் அவன். மெதுவாக் கேட்டான், "அப்பறம் ஏன் ஆயா அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

சந்தையிலன்னு சொன்னாங்க. டீச்சருகிட்டச் சொல்லிட்டு அங்க ஓடுனேன், இடுப்புல கொழந்தையோட. புள்ளைக்குச் செருப்பு வாங்கறதுக்கு அவளக் கூட்டிட்டு வந்திருக்கான் அவங்கப்பன். செருப்புக் கடைக்குப் பக்கத்துல வேப்பமரத்தடியில உக்கார வெச்சிருக்காங்க. கைய ஒரு கயித்துல கட்டி. ஒரு காதுல ரத்தம் ஒழுகிக் காஞ்சிருக்குது. வலது மணிக்கட்டு திரும்பிக் கெடக்குது. அவன் என்னப் பாக்கல. என்ற இடுப்புல இருந்த கொழந்தையப் பாத்தான், பாத்துட்டுச் சிரிச்சானுங்க. அழுகக் கூடாதுன்னு அதுக்குச் சிரிச்சுக் காட்டறான்.

அவன் முழுப்பேரு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். போலீசு எழுதறப்பக் கேட்டுக்கிட்டேன். தனேஷ்வர் மஹதோ. ஒரு வருசமா "முனியம்மா அப்பா"ன்னுதான் கூப்புட்டிருக்கேன்.

அஞ்சு பேரு மேல கேஸு. பூபேசு மேலயும். அவனக் கேட்டா, "ஆயா சொன்னாங்க, நான் போட்டேன்"ங்கறான். அவங்கம்மா வீதியில என்னப் பாத்தா மண்ணள்ளித் தூத்துறா. இன்னொரு பக்கம் கட்சிக்காரங்க, எந்தக் கட்சின்னு வேண்டாம், சால்வை போடறதுக்கு வந்தாங்க. "மண்ணின் மகள்"னு அட்டையெல்லாம் அடிச்சிட்டு வந்துட்டாங்க. அவன் அப்பன்தானுங்கன்னேன். "பரவாயில்லம்மா, விழிப்புணர்வு வந்துச்சுல்ல"ன்னு சொல்லிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்தச் சால்வை இன்னும் பொட்டிக்குள்ள கெடக்குது. போத்தவும் முடியல, வீசவும் பயமா இருக்குது.

சும்மா இருக்கலீங்க நானு. ஹேமலதா டீச்சரக் கூட்டிட்டு அந்தச் சேனலுக்கே போனேன். ஏசி ரூம்பு. டீ எல்லாம் குடுத்தாங்க. ஒரு தம்பி வந்து, "நாங்க கடத்தினான்னு போடலம்மா. கடத்தியதாகக் கூறப்படுகிறதுன்னுதான் போட்டோம்"னு சொல்லுச்சு. யாரு தம்பி கூறுனாங்கன்னு கேட்டேன். "நீங்கதாம்மா"ங்குது. அப்பறம் கீழ ஒரு வரி ஓட விட்டாங்க. நான் படிக்கறதுக்குள்ள ஓடிருச்சு.

டீச்சரு ஒரு யோசனை பண்ணாங்க. நம்மளே மறுப்பு வீடியோ போட்டரலாமுன்னு. எழுதிக் குடுத்தாங்க, நான் மனப்பாடம் பண்ணிச் சொன்னேன். "அவர் அந்தக் குழந்தையின் தந்தை. வதந்திகளை நம்பாதீர்கள்." அதுல கீழ என்ன எழுதுனாங்க தெரியுமுங்களா? பாவம் ஆயாவ மெரட்டிட்டாங்க. எவ்வளவு வாங்குன. மொதல்ல பேசுனது நெஜம், இது ஒப்பிக்கறா. அது சரிதானுங்களே, ஒப்பிச்சேன்ல. ஒருத்தர் மட்டும் மரியாதையா எழுதியிருந்தாரு. அப்பான்னு தெரிஞ்சிருந்தா மொதல்ல ஏம்மா அப்படிச் சொன்னீங்க, அதச் சொல்லுங்க, நம்பறேன்னு.

அந்தக் கேள்வியிலதான் மாட்டிக்கிட்டனுங்க. அன்னிக்கு அங்கன்வாடி கேட்டுல அந்தப் பையன் கேட்டதும் அதேதான். அதுக்குப் பதில் சொல்லாம நான் என்ன மறுத்தாலும், மெரட்டிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. பதில் எங்கிட்ட இருக்குது. ஆனா வெளிய வராது.

என்னப் பாக்கறீங்க? ஆமா, சொன்னனே, "நான் வரப்ப பூபேசு கேட்டுகிட்ட நின்னான்"னு. எங்க இருந்து வந்தேன்னுதானே பாக்கறீங்க. நீங்க பேங்குல வேல செய்யறவங்களா? அதான் கணக்காப் பிடிக்கறீங்க.

ரேசன் கடைக்குப் போயிருந்தனுங்க. அன்னிக்குத் தொவரம் பருப்புப் போட்டாங்க. ரெண்டு நாள்ல தீந்துரும். கைரேகை வெக்கணும், வேற ஆளையும் அனுப்ப முடியாது. கொழந்தைக தூங்கிருச்சு, கேட்டச் சாத்திட்டு இருவது நிமிசத்துல வந்துரலாமுன்னு போனேன். அன்னிக்குன்னு பாத்து மிசினு வேல செய்யல, அரை மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. மீட்டிங்க வேற நாள்ல வெச்சிருக்கலாம். மேகம் கட்டாம இருந்திருக்கலாம். பூபேசு வேற வழியாப் போயிருக்கலாம்.

பன்னண்டு கொழந்தையத் தனியா விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? வேல போயிரும். அதான் போன நீட்டி "எங்க இருந்தீங்க"ன்னு கேட்டதும் வாயில வந்துருச்சு, உள்ள பாய் விரிச்சிட்டிருந்தேன்னு. ஒரு பொய் வந்தாச்சு. அப்பறம் அப்பன்தான்னு சொன்னா, நீங்க ஏன் பாக்கல, ஏன் கையெழுத்து வாங்கலன்னு வருமில்ல. அதனால...

இல்லீங்க. சொல்லல. வண்டி எடுக்கறப்பவும் சொல்லல. சொன்னேன் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கே சொன்ன மாதிரி ஆயிருச்சு. பூபேசு அந்த விசயத்துல பொய் சொல்லுலீங்க. அவன் காதுல விழுகறதுக்கு நான் எதையும் சொல்லவேயில்ல.

இருங்க, இன்னும் இருக்குது. பெரியாஸ்பத்திரிக்குப் பாக்கப் போயிருந்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். கையில மாவுக்கட்டு, தலையச் சுத்திக் கட்டு. அப்பத்தான் போலீசு வந்து அவங்கிட்ட எழுதறாங்க. "நீ போனப்ப ஆயா எங்க இருந்தாங்க?"ன்னு கேக்கறாரு எஸ்.ஐ.

அவன் என்னப் பாத்தான். பாத்துட்டு, "அம்மா உள்ள, சார். நான் கேக்காம எடுத்தேன். என் தப்பு"ன்னான்.

எழுதிக்கிட்டாங்க. நான் பக்கத்துல நிக்கறேன். ஆரஞ்சுப் பழத்தப் பிடிச்சிட்டு நிக்கறேன். வாயத் தொறக்கலீங்க.

வெளிய பைப்புகிட்ட அவன் சம்சாரம் சவிதா டம்ளரு கழுவிட்டிருந்தா. நாலு வருசமா இருக்கறவ, நம்ம மாதிரியே "ங்க" போட்டுப் பேசுவா. தலையத் தூக்காமயே சொன்னா, "அவரு அன்னிக்கு மூணு தடவ உங்களக் கூப்புட்டாருங்க. உள்ள வந்து பாத்தாருங்க. நீங்க இல்லீங்க."

கழுவுன டம்ளரையே மறுபடியும் கழுவுனா.

"சொன்னா உங்க வேல போயிருமுன்னு சொன்னாருங்க. வேல போனா என்ன ஆகுமுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க."

அவ்வளவுதான் சொன்னா. டம்ளர எடுத்துட்டு உள்ள போயிட்டா. அவ திட்டியிருந்தாத் தேவலீங்க. மண்ணள்ளித் தூத்தியிருந்தாலும் வாங்கிட்டு வந்திருப்பேன்.

பத்து மாசமாச்சு. அந்தக் கையில அவனால தேங்கா ஒடைக்க முடியல. அந்தக் காது கேக்கறதில்ல. வெள்ளகோயில் பக்கம் ஒரு களத்துல கேட்டுக்குக் காவலா உக்காந்திருக்கான். ஊருக்குப் போயிரலாமுன்னா கேஸு இருக்குது, கூப்புடறப்பெல்லாம் வரணும். முனியாவ எந்த அங்கன்வாடிக்கும் அனுப்பறதில்ல. யாராச்சும் தூக்குனாக் கத்துதாம். பெத்தவன் தூக்குனாலும் தெருவுல ஆளிருந்தாக் கத்துதாம்.

நான் அதே வேலையில அதே கேட்டுக்குள்ளதான் இருக்கேன். அவன் காப்பாத்திக் குடுத்த வேலை. காலையில சட்டி வெக்கறப்ப, முட்டை உரிக்கறப்ப, அது ஒண்ணுதான் ஓடிட்டிருக்கும் மனசுக்குள்ள. ஓடற பஸ்ஸு மாதிரி, எறங்கலாமுன்னா எறங்க முடியல.

உங்க போன்ல பேசுனாப் பதிவாகுமில்ல? அந்த நூத்தியெண்பது பேருக்கும் போகுமில்ல? அப்ப அமுத்துங்க. வீடியோ வேண்டாம், மொகம் ஏற்கெனவே நெறையப் போயிருச்சு. கொரலு போதும். எழுதிக் குடுக்காதீங்க, நானே சொல்றேன்.

"எம்பேரு தெய்வாத்தாளுங்க. ஊத்துக்காட்டுப்புதூரு அங்கன்வாடி ஆயா. நீங்க பாத்த வீடியோல பேசறவ நான்தான். அது திண்டுக்கல்லு இல்லீங்க, நேத்தும் இல்லீங்க, போன ஐப்பசி மாசம் எங்க ஊர்ல நடந்தது. கொழந்தையத் தூக்கிட்டுப் போனவரு அவளப் பெத்த அப்பா. எனக்கு அது அப்பவே தெரியும். கொழந்தைகளத் தனியா விட்டுட்டு நான் ரேசன் கடைக்குப் போயிருந்தேன். அது வெளிய தெரியக் கூடாதுன்னு பொய் சொன்னேன். அதனால அவர அடிச்சாங்க. என்னைய யாரும் மெரட்டல, யாரும் காசு குடுக்கல. பஸ்ஸுல போயிட்டிருக்கேன்."

ரேசன் கடைப் பேச்ச எடுத்துரலாமுங்கறீங்களா? ஏனுங்க, என்ற வேலைக்காகச் சொல்றீங்களா? புரியுது. அதையும் எடுத்துட்டா மறுபடியும் நான் ஒப்பிக்கறவதானுங்களே. அப்படியே அனுப்புங்க. சாயங்காலத்துக்குள்ள எங்க சூப்பர்வைசர் போனுக்கே போயிருமுன்னு எனக்கும் தெரியும்.

போயிருச்சா? தண்ணி இருக்குதுங்களா?

என்ன வந்திருக்குது? படிங்க, பரவால்ல. "யாரோ பேச வெச்சிருக்காங்க." ம். அதுக்கு, ஊருப் பேரு சொல்லியிருக்கேன், வந்து பாருங்கன்னு போடுங்க. அடுத்தது? "குழந்தைகளை விட்டுட்டுப் போனவ பேச்சை நம்பணுமா?" இவரு சொல்றது நாயந்தானுங்க. நாயந்தான்னே போடுங்க. என்ன நம்ப வேண்டாம், அவரு அப்பாங்கறத நம்புங்கன்னு சேத்துப் போடுங்க.

இன்னொண்ணா? யாரு, உங்க மாடியில இருக்கற அம்மாவா? என்ன கேக்கறாங்க?

"அந்த அப்பா பேரென்ன? இப்ப எப்படி இருக்கார்?"

...

ஒண்ணுமில்லீங்க. பத்து மாசத்துல இத யாரும் கேட்டதில்ல. சேனல்ல கேக்கல, சால்வை போட வந்தவங்க கேக்கல. எழுதுங்க அம்மிணி, நான் சொல்றேன். தனேஷ்வர் மஹதோ. வலது கை இன்னும் மடங்கறதில்ல. ஒரு காது கேக்காது. புள்ளைக்குச் செருப்பு அன்னிக்கு வாங்கல, அப்பறம் வாங்கிட்டாராமா. அதையும் போடுங்க.

வெளிய என்ன ஊருங்க இது? காரணம்பேட்டையா? அடக் கடவுளே, மக ஊட்டுக்கு நான் பல்லடத்துலயே எறங்கியிருக்கணும். பரவால்ல விடுங்க, சூலூர் வரைக்கும் வர்றேன். யாரோ இன்னும் எழுதிட்டிருக்காங்கன்னு காட்டுது பாருங்க. வந்ததும் படிச்சுச் சொல்லுங்க.